சுவிட்சுக்குள் ஒரு காவற் பட்டியல்

தோட்ட அலுவலகத்தில் நம் பெயருக்கு நேரே என்னென்ன பதிவாகியுள்ளன? அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், மாதச் சம்பளம், ஊழியர் சேமநிதிப் பிடித்தம், சொக்சோ சந்தா. முன்பு கிராணியாரின் பேரேட்டில், பூட்டிய அலமாரியில் இருந்தவை இன்று கணினியில் உள்ளன. இத்தகைய விவரங்களைக் காக்க நடைமுறைக்கேற்ற நடவடிக்கை எடுக்குமாறு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைப் பணிக்கிறது. அலமாரிக்குப் பூட்டு உண்டு, கணினிக்கு? அதற்குரிய பூட்டுகளுள் ஒன்றை இங்கு விளக்குகிறோம்.

அலுவலகக் கணினி, அச்சுப்பொறி, மண்டபத்து வைஃபை ஆகியவற்றின் கம்பிகள் வந்து சேரும் பெட்டிக்குச் சுவிட்சு என்று பெயர். (விளக்குச் சுவிட்சு அன்று.) கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளைச் சிறு பொட்டலங்களாகப் பெற்று, உரிய கம்பிவழி அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எண்களாக இருக்கும். விலை கூடிய சுவிட்சுகளில், அம்முகவரிகளைப் பார்த்து அனுமதிக்கவோ தடுக்கவோ ஒரு பட்டியலை எழுதி வைக்கலாம். அதுவே அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். வாசலில் நிற்கும் ஜாகாவின் கையிலுள்ள தாள் என்று கொள்ளலாம்.

ஒரு தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். அங்கு அலுவலகக் கருவிகளின் முகவரிகள் 192.168.10 என்றும், மண்டபத்தில் உள்ளவை 192.168.20 என்றும் தொடங்குகின்றன. மண்டபத்தில் படிக்கும் பிள்ளைகள் அலுவலக அச்சுப்பொறியைப் பயன்படுத்தலாம். அதன் முகவரி 192.168.10.9. இணையமும் பார்க்கலாம். சம்பளக் கணினியை மட்டும் எட்டக்கூடாது. மண்டபத்துக் கம்பி சுவிட்சுக்குள் நுழையுமிடத்தில் மூன்று வரிகள் போதும். முதல் வரி: 192.168.10.9 என்ற முகவரிக்கு அனுமதி. இரண்டாம் வரி: 192.168.10 என்று தொடங்கும் எல்லா முகவரிகளுக்கும் தடை. மூன்றாம் வரி: ஏனைய எல்லாவற்றுக்கும் அனுமதி.

இங்கு வரிசையே உயிர். சுவிட்சு பட்டியலை மேலிருந்து படிக்கும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளதைப் பாராது. முதலிரு வரிகள் இடம் மாறினால், அச்சுப்பொறிக்குச் செல்லும் பொட்டலமும் தடையில் சிக்கும். பிள்ளைகள் உடனே முறையிடுவார்கள், பிழை தெரிந்துவிடும். ஆனால் மூன்றாம் வரி முதலிடத்திற்கு ஏறிவிட்டால் எல்லாம் நன்றாகவே நடக்கும். அச்சு வரும், இணையம் வரும், சம்பளக் கணினிக்கும் வழி திறந்திருக்கும். முறையிட ஒருவரும் இரார். நாம் அஞ்ச வேண்டியது இவ்வகைப் பிழைக்கே.

மூன்றாம் வரியை எழுதவே மறந்தால்? பல சுவிட்சுகளில் பட்டியலின் அடியில் ‘மற்றவை யாவும் தடை’ என்றொரு விதி எழுதாமலேயே அமைந்திருக்கும். ஆகவே இணையம் அடியோடு நின்றுவிடும். அவ்வேளையில் பொறுமையிழந்து பட்டியலையே நீக்கிவிடுவோரும் உண்டு. கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றும் வேலை அது.

ஆதலால் பட்டியலை எழுதியபின், வர வேண்டியது வருகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், மண்டபத்திலிருந்தே சம்பளக் கணினியை எட்ட முயன்று, அது மறுக்கப்படுவதையும் காண வேண்டும். இப்பட்டியல் முகவரியை மட்டுமே அறியும், ஆளை அறியாது. கடவுச்சொல்லைத் திரையோரத்தில் எழுதி ஒட்டிய கணினியின் முன் ஒருவர் வந்து அமர்ந்தால் அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்று. சில சுவிட்சுகளில் எழுதிய பட்டியலைத் தனிக் கட்டளையிட்டுச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிடில், இடிமழையில் மின்சாரம் போய் வந்ததும் பட்டியல் மறைந்திருக்கும். விளக்குகள் மட்டும் வழக்கம்போல் பச்சையாய் மின்னிக்கொண்டிருக்கும்.