பக் நாயா, பொமரேனியனா? திருத்தணி வெயில் எதைத் தேர்ந்தெடுக்கும் தெரியுமா?

சும்மா படுத்திருக்கும் ஒரு நாய் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடும் தெரியுமா? 10 முதல் 30 முறை. அதே நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க ஆரம்பித்தால்? 300-ஐத் தாண்டும்! நாம் அப்படி மூச்சு விட்டால் மயங்கி விழுந்துவிடுவோம். நாய் எளிதில் களைப்பதில்லை. அதன் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாக எந்த வேகத்தில் அதிருமோ, அதே வேகத்தில்தான் அது இரைக்கிறது. அதனால் தசைகளுக்குக் கூடுதல் வேலை அதிகமில்லை. என்ன ஒரு ஏற்பாடு!

குட்டி நாய் வாங்க நினைக்கும் திருத்தணிக் குடும்பத்துக்கு இந்த மூச்சுக் கணக்கை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இது மலையடிவார ஊர். வெயில் பாறையில் இறங்கி, இரவிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஊர். கத்திரி தொடங்கிவிட்டால், 'சதமடித்த வெயில்' என்று செய்தியில் வாசிக்கும் ஊர்களின் வரிசையில் வேலூரோடு திருத்தணியும் தவறாமல் வந்துவிடும். இங்கே நாயைத் தேர்ந்தெடுக்க முகத்தைப் பார்த்தால் போதாது. மூக்கைப் பார்க்க வேண்டும்!

சின்ன வீடு, மாடிக் குடித்தனம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பகலில் தனியாக இருக்கும் பாட்டி. இப்படிப்பட்ட வீடுகளில் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் நிற்கும். ஒன்று பக். இன்னொன்று பொமரேனியன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் மண்ணின் புகழ்பெற்ற நாய்கள் எல்லாமே ஓடி வேட்டையாடவும் காவல் காக்கவும் பிறந்தவை. அவற்றுக்கு வெட்டவெளி வேண்டும்.

பக், பொமரேனியன் இரண்டும் நம் வரவேற்பறைக்குள் திரை வழியாகவும் நுழைந்தன என்பது தெரியுமா? 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற வெள்ளை நாய் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவராக நின்றது. கதையின் முடிச்சை அவிழ்க்கும் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். அந்தப் படம் 'பிரேமாலயம்' என்று தெலுங்கிலும் பேசியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2003-ல், ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனது சீகா என்ற பக். அதுவரை நம் ஊர்களில் அரிதாகத் தெரிந்த அந்தச் சப்பை முகத்தைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது ஒரு பெரிய ஆச்சரியம்! உங்கள் தெருவில் 'பொமரேனியன்' என்று எல்லோரும் சொல்லும் அந்த வெள்ளைப் புசுபுசு நாய், பெரும்பாலும் பொமரேனியனே இல்லை! அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களிலிருந்து, இந்த வெயிலிலேயே பல தலைமுறை பெற்று வளர்ந்து, நம் தட்பவெப்பத்துக்குப் பழகிப்போன இனம். தராசில் ஏற்றினால் தெரிந்துவிடும். வளர்ந்த பொமரேனியன் மூன்று கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இந்தியன் ஸ்பிட்ஸில் சிறிய வகையே 5 முதல் 7 கிலோ. பெரிய வகை 12 கிலோவுக்கும் மேலே போகும். மூக்கும் கொஞ்சம் நீளம். குட்டியைக் காட்டி 'ஒரிஜினல் பொமரேனியன்' என்று யாராவது விலையை ஏற்றினால், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்.

அசல் பொமரேனியனும் ஒரு காலத்தில் இவ்வளவு குட்டையாக இல்லை. பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவிலிருந்து வந்த அதன் மூதாதையர், பனி நாட்டு ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் வந்த பெரிய உருவங்கள். அதைச் சுருக்கிய பெருமை யாருக்குத் தெரியுமா? விக்டோரியா மகாராணிக்கு! 1888-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனவர், அங்கே மார்கோ என்ற சிறிய நாயைப் பார்த்து மயங்கிவிட்டார். எடை ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. ராணி வளர்த்தால் ஊரே வளர்க்காதா? சிறிய உருவத்துக்கு அடித்தது யோகம். அதே 1888-ல்தான், செப்டம்பர் 5-ம் தேதி, திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார்! 1901-ல் ராணி இறக்கும்போது அவர் படுக்கையில் இருந்ததும் டூரி என்ற பொமரேனியன்தான். பக் நாய்களையும் அவர் ஆசையாக வளர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக் நாயின் வரலாறும் லேசுப்பட்டதல்ல. சீன அரண்மனைகளில் மடியில் வளர்ந்தது, 16-ம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களோடு கப்பலேறி ஐரோப்பா போனது. 1572-ல் எதிரிகள் இரவில் கூடாரத்தை நெருங்கியபோது, டச்சு இளவரசர் வில்லியத்தை எழுப்பிக் காப்பாற்றியது பாம்பி என்ற பக்தான் என்று ஒரு கதை உண்டு.

சரி, மூக்குக்கு வருவோம். இங்கேதான் இரண்டு இனங்களும் அடியோடு பிரிகின்றன!

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அப்படியானால் உடம்புச் சூடு எப்படி இறங்குகிறது? மூக்குக்குள் மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக இருக்கின்றன, அவற்றின் மேல் ஈரமான சவ்வு. பக்கவாட்டில் ஒரு தனிச் சுரப்பி வேறு. சூடு ஏற ஏற அதில் நீர் ஊறும். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து, வாய் வழியாக வெளியே விடுகிறது. அந்தக் காற்று போகிற வழியில் ஈரத்தை ஆவியாக்கி, ரத்தத்தைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதி! ஈரம் ஆவியாகும் பரப்பு கூடினால் குளிர்ச்சியும் கூடும்; ஆகவே மூக்கு நீளமாக இருந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும்.

பக் நாய்க்கு அந்த மூக்கு எங்கே? மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அதன் முகத்தைத் தட்டையாக்கிவிட்டான். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை, அண்ணம், நாக்கு எதுவும் அதே அளவுக்குச் சுருங்கவில்லை! எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கிக்கொண்டு மூச்சுப் பாதையை அடைக்கின்றன. பக் தூங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். அது காற்றுக்கு அது படுகிற பாடு. லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிட்டனில் பிறக்கும் பக் நாயின் சராசரி ஆயுள் 7.7 ஆண்டு மட்டுமே. ஜாக் ரஸ்ஸல் என்ற நீள மூக்குச் சிறுநாய்க்கு 12.7 ஆண்டு! அந்தக் குளிர் நாட்டிலேயே இப்படி என்றால், கத்திரி வெயிலில் அந்த ஜீவன் என்ன செய்யும்?

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத அயல் இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது தெரியுமா? சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற பனி நாட்டு நாய்கள் அதில் இருப்பது யாரையும் வியக்க வைக்காது. அந்தப் பட்டியலில் பக்கும் இருந்தது! அது மிகச் சரி என்பதே என் எண்ணம்.

பக்கின் குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தங்கம். பிள்ளைகள் அமுக்கினாலும் இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரும் அளவுக்குக் குரைக்காது, நம் காலடியிலேயே கிடக்கும். ஆறு முதல் எட்டுக் கிலோ எடையுள்ள உறுதியான உடம்பு. ஏற்கெனவே பக் இருக்கும் வீடுகள் அதைக் கைவிட வேண்டாம். கூடுதல் கவனம் போதும். காலை ஆறு மணிக்குள் நடை முடியட்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். அதற்குக் கண்கள் பிதுங்கியிருப்பதால் கழுத்தை இறுக்குவது இரட்டை ஆபத்து. முக மடிப்புகளைத் துடைத்து உலர வையுங்கள். எடை கூட விடாதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நாம் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளும் சூடு! 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால், முதலில் உடம்பில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக்குக் கீழே விடுங்கள், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

அப்படியானால் ஸ்பிட்ஸ் குறையே இல்லாததா? இல்லை, குரைக்கும்! கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், எதிர்வீட்டுப் பூனை, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போகும் மேளம், எல்லாவற்றுக்கும் குரைக்கும். நாய் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாம் 20,000 வரைதான்; ஆகவே நம் காதுக்கு எட்டாததற்கும் குரைக்கும். பகலில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அதுவே காவல். ஒட்டிய சுவர்க் குடித்தனத்தில் கைக்குழந்தை இருந்தால் யோசிக்க வேண்டும். முடியும் கொட்டும். குட்டைமுடிக்கார பக்கும் அதே அளவு கொட்டும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது! கோடை வந்தால் ஸ்பிட்ஸுக்கு மொட்டை அடித்துவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. தினமும் சீப்பால் உள்முடியை வாரி எடுத்தால் போதும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், திருத்தணிக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். மூன்று கிலோ பொமரேனியன் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்தால் அதன் எலும்பு தாங்காது.

இனி, கோயில் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது! திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தை அழிக்கும் என்று மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். ஏன் என்பது மட்டும் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில் ஒரு நாய், வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்று, திராட்சை தின்றதுபோலவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமில உப்பு இருந்தது. துப்பு கிடைத்தவுடன் நச்சியல் மருத்துவர்கள் தேடினார்கள். அதே அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் எது தெரியுமா? நம் புளி! புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களும் இருந்தன. 2022-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மலையிலிருந்து வரும் புளியோதரையையும், திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் "சாமி பிரசாதம்தானே" என்று ஒரு உருண்டை நாய்க்கும் வைப்பது நம் பாசம். ஐந்து கிலோ உடம்புக்குக் கொஞ்சமும் அதிகம். வெங்காயம், சாக்லேட் இரண்டும் கூடவே கூடாது. வெறும் சோறும் தயிரும் வேகவைத்த முட்டையும் வையுங்கள், சந்தோஷமாகத் தின்னும்.

பக், பொமரேனியன் போன்ற நாய்களின் குட்டி உருவம் மனிதன் செய்த கைவேலை என்றுதானே நினைக்கிறோம்? 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் திரிந்த ஓநாயின் மரபணுவிலேயே, உடம்பைச் சிறிதாக்கும் அந்த மாற்றம் இருந்ததை 2022-ல் கண்டுபிடித்தார்கள். நாய் என்ற ஒன்று தோன்றும் முன்பே குட்டிநாய்க்கான விதை காத்திருந்தது!

வாங்கும்போது கவனியுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதி சொல்கிறது. கண் திறந்ததும் விற்க வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசிகளை ஆறு வாரத்தில் தொடங்க வேண்டும், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். பெரிய சிக்கல் வந்தால் திருத்தணிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு: கிழக்கே 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வடக்கே ஆந்திர எல்லை தாண்டினால் திருப்பதியில் இன்னொன்று.

கடைசி ஆச்சரியம் இந்த எல்லை ஊருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. புடாபெஸ்ட் நகரத்து விஞ்ஞானிகள் 18 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 'குட்டி இளவரசன்' கதையை ஸ்பானிஷிலும் ஹங்கேரிய மொழியிலும் படித்துக் காட்டினார்கள். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வேறு வேறாக இயங்கியது! வயதான நாய்கள் இன்னும் நன்றாகப் பிரித்தறிந்தன. பாட்டி 'ரா' என்று தெலுங்கில் அழைக்க, பேரன் 'வா' என்று தமிழில் அழைக்கும் வீட்டில் வளரும் குட்டி இரண்டுக்கும் வாலாட்டி வரும். 'நில்' என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லில், முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். கேட்டைத் திறந்ததும் பேருந்து போகும் சாலைக்குப் பாயும் குட்டியை அந்த ஒரு சொல்தான் நிறுத்தும்.