ஆதுலர்சாலையும் ஆண்டுக் கணக்கும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழைய சீவரத்திற்கு எதிர்க்கரையில் அமைந்த சிற்றூர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் மதிற்சுவரில் 55 வரிகளில் நீண்டு கிடக்கிறது வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. அம்மன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1068-69-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. 1915-இல் படியெடுக்கப்பட்ட இதனைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பின்னர் 'எபிகிராபியா இந்திகா' இருபத்தோராம் தொகுதியில் விரிவாகப் பதிப்பித்தார்.

இக்கல்வெட்டை வரலாற்று மாணவர் போர்ச் செய்திகளுக்காகப் படிப்பர். யாம் நம் துறை மாணவியரோடு அங்குச் சென்றது, அது குறிக்கும் 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலைக்காக. ஆதுலர் என்பார் நோயுற்றோர். கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், அதில் பயின்ற 60 பேர் உண்டு உறைய ஒரு விடுதியும், அவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரிய ஒரு மருத்துவமனையும் இயங்கின. மருத்துவமனையில் 15 நோயாளர் படுத்திருந்து மருத்துவம் பெற இடமிருந்தது. இவற்றுக்கெல்லாம் வேண்டிய பொருள் வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயிலிருந்து வந்தது.

யாம் வியந்தது மருத்துவமனை இருந்ததற்கன்று. தஞ்சையிலும் சுந்தரசோழன் பெயரால் ஓர் ஆதுலசாலை இருந்ததையும், அதற்குக் குந்தவைப் பிராட்டியார் அறக்கொடை அளித்ததையும் அறிவோம். திருமுக்கூடல் கல்வெட்டின் அருமை அதன் கணக்கில் உள்ளது. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவருக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குருணி நெல். பன்னிரண்டு குருணி ஒரு கலம். ஆண்டுக்கு 90 கலம். அதற்கு மேல் 8 காசு. அறுவை செய்யும் சல்லியக்கிரியைக்காரருக்கு நாளுக்கு ஒரு குருணி. மூலிகை கொணர்ந்து, விறகு சேர்த்து, மருந்து அடுவோர் இருவர். நோயாளர்க்கு மருந்தூட்டிப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. அவ்விளக்கிற்கும் எண்ணெய்க் கணக்கு உண்டு. செவிலியர் பெற்ற நெல் மருத்துவர் பெற்றதினும் மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவில் கண்விழித்தவர் கைக்குக் குறைந்தது வருவது அன்றே தொடங்கிவிட்ட வழக்கம் போலும்!

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டுவார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். வகுப்பில் அக்குறளைப் பலமுறை நடத்தியிருக்கிறோம். அந்த நான்கு கூறுகளும் நெல்லாகவும் காசாகவும் அளந்து வைக்கப்பட்டிருப்பதை அச்சுவரில் கண்டபோதுதான் அதன் முழுப்பொருள் எமக்கு விளங்கியது. பேணுபவனுக்கும் படியளந்தால்தான் நோயாளி பிழைப்பான்.

ஆதுலர்சாலையில் ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. வாசா அரீதகி, தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் எனப் பெயர்கள் வடமொழியில் இருப்பினும் சரக்குகள் நம் வேலியோரத்தவை. வாசா என்பது ஆடாதோடை, அரீதகி கடுக்காய், பில்வம் வில்வம். ஆமணக்கெண்ணெயில் காய்ச்சிய தைலங்களும் உண்டு. மழைக்காலத்து இருமலுக்கு ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்த பாட்டிமார் நம் இல்லங்களில் அண்மைக் காலம்வரை இருந்தனர். வேறுபாடு ஒன்றே. நம் வீட்டில் நோய் வந்தபின் இலை தேடினோம். அங்கோ நோய் வருமுன்பே ஓராண்டு மருந்து பெட்டியில் இருந்தது.

நோயற்ற மாணாக்கரையும் அக்கணக்கு மறக்கவில்லை. விடுதியில் தங்கியோர் சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்கு அளந்து வைத்தனர். படுக்கப் பாய், இரவு விளக்கு ஆகியவையும் ஏற்பாடாகியிருந்தன. பருகும் நீரில் மணமும் குளிர்ச்சியும் சேர ஏலமும் இலாமிச்சை வேரும் வாங்க ஒதுக்கீடு இருந்தது. நோய்க்குச் செலவிடுவதும் நோய் வாராமைக்குச் செலவிடுவதும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

இத்தகைய ஏடு நமக்கும் புதிதன்று. திருமுக்கூடலுக்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாதில் அளுதுத் தௌலாவின் பெயரால் பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1284-ஐ ஒட்டி, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையின் வக்ஃப் ஆவணம், ஆண் பெண், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் மருத்துவம் செய்யப் பணித்தது. கோயில் நிவந்தமும் வக்ஃபும் சட்டத்தால் வேறு. ஆயினும் ஒரு நிலத்தின் வருவாயை இன்ன பணிக்கு, இவ்வளவு என்று நிலைநிறுத்தும் நெஞ்சம் ஒன்றே. நோய்க்கு மருந்துண்டு, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

அந்த நெஞ்சம் நம் மஹல்லாக்களில் இன்றும் இருக்கிறது; ஏடுதான் இல்லை. ஜும்ஆ முடிந்து வாயிலில் துண்டு விரிக்கப்படும். இன்னாருக்குச் சிறுநீரகம் பழுது, இன்னாருக்குக் கால் எடுக்கவேண்டும் என்பர். கைகள் தாராளமாய் நீளும். எம் பெரியத்தாவுக்கும் அப்படி ஒரு வெள்ளியன்று துண்டு விரித்தார்கள். காலில் செருப்புக் கடித்த சிறு புண். சர்க்கரை நோய் பல்லாண்டாய் உடலில் இருந்தது அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. பாதத்தை எடுத்தபின் மருத்துவர் கேட்டது ஒன்றே: "கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள்?" படித்தவர் என்று பெயரெடுத்த யாம் உட்பட எவரும் விடை சொல்லவில்லை. அன்று திரண்ட தொகையில் ஒரு தெருவுக்கே ஆண்டு முழுதும் இரத்தம் பார்த்திருக்கலாம்.

காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்களிலும் இதே நிலையைக் காணலாம். குழித்தறியில் காலை இறக்கி நாளெல்லாம் குனிந்திருப்பவருக்கு இடுப்பும் கண்ணும் தளர்வது தொழிலின் பகுதியாகவே கருதப்படுகிறது. இடையிடையே எழுந்து நடப்பது சோம்பல் எனப்படுகிறது. நம் வீட்டுப் பெண்களின் நிலையும் வேறன்று. அடுப்படியில் ஓயாமல் உழைப்பவர்க்குத் தனியே நடை எதற்கு என்று கேட்கிறோம். நின்றபடி வேகும் உழைப்பு வேறு, கைவீசி அரைமணி நேரம் நடப்பது வேறு.

பருவம் மாறமாறக் கவலையும் மாறும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரில் டெங்குக் கொசு பிறக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்தால் அதன் முட்டை பொரிந்து வளராது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைக் கண்ட ஊர்கள், மருந்துச் சீட்டையும் குடும்ப அட்டையையும் நனையாத உறையில் எடுத்துவைக்கக் கற்றிருக்கும். ரமலான் மாதமோ சந்திரக் கணக்கால் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருவது. கோடையில் வரும் நோன்பும் மார்கழியில் வரும் நோன்பும் உடலுக்கு ஒன்றல்ல. சர்க்கரை நோயுள்ளோர் நோன்புக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பு தங்கள் உடலுக்கு ஆகுமா என்பதையும் அப்போதே கேட்கலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் இழுக்கில்லை.

தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. ஆனால் நோய் உண்டென்று தெரிந்தவருக்கே மருந்து வரும். பெரியத்தாவைப் போன்றவர் பெயர் அப்பட்டியலில் ஏறாது.

திருமுக்கூடலிலிருந்து திரும்பும் பேருந்தில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, நம்ம பள்ளிவாசல் கணக்கு நோட்டுல இப்படி ஒரு பக்கம் எழுதக் கூடாதா?" யாம் அதனை மஹல்லாப் பெரியவர்களிடம் எடுத்துரைத்தோம். முதலில் தயங்கினர். பின்பு இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றும், ஓராண்டுக்கு வேண்டிய அளவுப் பட்டைகளும் வாங்க இசைந்தனர். பெண்கள் பகுதிக்கு அம்மாணவியின் தாயே பொறுப்பேற்றார். அவருக்கு மாதம் ஒரு தொகை அளிக்கவேண்டும் என்று வற்புறுத்தியது யாம்தான். காரணம் திருமுக்கூடல் சுவரில் இருக்கிறது. முதல் வெள்ளியன்று எவரும் முன்வரவில்லை. கடைசியில் அரிசி மண்டிப் பெரியவர் ஒருவர், "எனக்கொன்றும் இராது, கருவியைச் சோதிப்போம்" என்று சிரித்தபடி விரலை நீட்டினார். கருவி காட்டிய எண்ணைப் படித்த இளைஞன் அதை உரக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை அரசு மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையில் அவரோடு யாமும் நின்றோம்.