டிஸ்க்கை நம்பாத அடுக்கு

2006-ஆம் ஆண்டில், எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிவந்தவர்களுக்கு அகால வேளைகளில் தொலைபேசி அழைப்புகள் வந்தன. கூப்பிட்டவர்கள் புரோகிராமர்கள் அல்லர். விண்டோஸ் கணினி வைத்திருந்த சாதாரண மனிதர்கள். அவர்களுடைய கணினியின் டெம்ப் ஃபோல்டரில் 'எஸ்கியூலைட்' என்று தொடங்கும் கோப்புகள் கிடந்தன. இது என்ன வேண்டாத சரக்கு என்று கூகுளில் தேடினால் எழுதியவர்களின் எண் அகப்பட்டது. தூக்கத்திலிருந்து எழுப்பிக் குறை சொன்னார்கள்.

அந்தக் கோப்புகளைப் போட்டது மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள். தன் தகவல்களைச் சேமிக்க அது உள்ளுக்குள் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. கோப்பில் மெக்காஃபியின் பெயர் இல்லை, எஸ்கியூலைட்டின் பெயர் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதியிட்ட ஒரு குறிப்போடு இதற்கு முடிவு கட்டினார்கள்: இனித் தற்காலிகக் கோப்புகளின் பெயர், எஸ்கியூலைட் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டுத் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரமான ஆளுக்கு, ராத்திரியில் போன் போட்டுப் பயனில்லை என்பதும் விளங்கிவிடும் என்பது கணக்கு. நிரலுக்குள் அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது.

குறிப்பு இருக்கும் இடம் முக்கியம். தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மெல்லிய அடுக்கு அது. எஸ்கியூலைட்காரர்கள் அதை வி.எஃப்.எஸ். என்கிறார்கள். கோப்பைத் திற, படி, எழுது, பூட்டு, மூடு என்று மேலிருந்து வரும் கட்டளைகளை விண்டோஸுக்கு விண்டோஸ் பாஷையிலும் லினக்ஸுக்கு லினக்ஸ் பாஷையிலும் சொல்லும் துபாஷி வேலை அதனுடையது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா இயங்குதளத்திலும் 'எழுது' என்று ஒரு கட்டளை இருப்பதால் எல்லாமே ஒரே வாக்குறுதியைத் தருகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. சிக்கல் முழுவதும் அந்த வாக்குறுதிகளில் இருக்கிறது.

எஸ்கியூலைட்டுக்கு இந்த அடுக்கு ஏன் உயிர்நாடி என்பது அது பிறந்த கதையிலேயே தெரியும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ரிச்சர்ட் ஹிப் என்ற புரோகிராமர், அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தகவல்கள் தனி தரவுத்தள சர்வரில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால் அவருடைய மென்பொருளின் திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். தவறு சர்வருடையது, கெட்ட பெயர் இவருக்கு. சர்வரே இல்லாமல், டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்பை நேராகப் படித்து எழுதும் தரவுத்தளம் இருந்தால் என்ன என்று யோசித்தார். அப்படி உருவானது எஸ்கியூலைட். யாரும் காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உரையாடல்கள் சேர்வது எஸ்கியூலைட் கோப்பில்தான். ஏர்பஸ் ஏ350 விமானத்தின் மென்பொருளிலும் அது உண்டு.

சர்வர் கிடையாது என்பதால் காவலுக்கும் ஆள் கிடையாது. யார் எப்போது எழுதலாம், எழுதியது டிஸ்க்கில் பதிந்ததா என்பதையெல்லாம் இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் பகுதி, தகவலை மரம்போல அடுக்கும் பகுதி, கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து அவற்றை நினைவகத்தில் வைத்து நிர்வகிக்கும் பகுதி ஆகிய எதற்கும் தான் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று தெரியாது. அடியில் இருக்கும் இந்த அடுக்குக்கு மட்டுமே தெரியும். அது செய்து தர வேண்டிய வேலைகளின் பட்டியல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது: ஒரு கோப்பின் மீது செய்யும் பத்துப் பன்னிரண்டு செயல்கள், அதற்கு வெளியே கோப்பை அழிப்பது, இருக்கிறதா என்று பார்ப்பது, நேரம் சொல்வது, கொஞ்சம் தூங்குவது, தற்செயல் எண் தருவது போன்ற சில. இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தப் புதிய கருவியிலும் எஸ்கியூலைட் ஓடும்.

பூட்டு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் தகவல் நாசம். அதனால் எழுதுமுன் பூட்ட வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்துக்கான போசிக்ஸ் தரநிலை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதில் பூட்டு, கோப்பைத் திறந்த கைப்பிடிக்குச் சொந்தமாவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதற்கும் சொந்தமாகிறது. ஒரே நிரலின் ஒரு பகுதி தரவுத்தளத்தைப் பூட்டிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பகுதி அதே கோப்பைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு மூடுகிறது. மூடிய அந்த நொடியில், அந்த நிரல் கோப்பின் மேல் வைத்திருந்த பூட்டுகள் அத்தனையும் போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும் பகுதிக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு வடிவமைப்பிலேயே பழுது என்று எஸ்கியூலைட்டின் யூனிக்ஸ் நிரலுக்குள் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது. அவர்கள் கண்ட மாற்று வழி சுற்றிவளைத்தது: திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பதிவேடு. யாராவது 'மூடு' என்று கேட்கும்போது அதன்மேல் பூட்டு எதுவும் இருந்தால், நிஜமாக மூடாமல் ஓரமாக வைத்துக்கொள்வது. கடைசிப் பூட்டு விடுபட்ட பிறகு மூடுவது. மேலே இருப்பவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம். நிரலை எழுதுகிறவர் எஸ்கியூலைட்டைக் கேட்காமல், பேக்கப் எடுக்கிறேன் என்று அந்தக் கோப்பைத் தானே திறந்து மூடினால், பூட்டுகள் போனது போனதுதான். இப்படிச் செய்யாதீர்கள் என்று ஆவணத்தில் எச்சரிக்க மட்டுமே முடிந்திருக்கிறது.

விண்டோஸில் தொல்லை வேறு மாதிரி. அங்கே ஒரு பைட்டைப் பூட்டினால் மற்றவர் அதைப் படிக்கக்கூட முடியாது. தகவல் இருக்கும் இடத்தையே பூட்டினால் படிப்பவர்கள் எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஆகவே பூட்டுவதற்கென்றே கோப்பில் ஓர் இடத்தை ஒதுக்கினார்கள்: தொடக்கத்திலிருந்து சரியாக 1 ஜி.பி. தள்ளி, 512 பைட். பெரும்பாலான தரவுத்தளங்கள் அந்த அளவுக்கு வளர்வதே இல்லை. கோப்பு முடிந்த இடத்துக்கு அப்பாலும் பூட்டுப் போடலாம் என்பதால் அதில் சிக்கலில்லை. வளர்ந்துவிட்டால் அந்த இடம் விழும் பக்கத்தில் எஸ்கியூலைட் எதையும் எழுதாமல் தாண்டிப் போகிறது.

அந்த 512-இல் 510 பைட் படிப்பவர்களுக்கானது. எதற்கு இத்தனை? விண்டோஸ் 95-இல் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பூட்டு என்ற வசதியே இல்லை. ஒரு பைட்டை ஒருவர்தான் பூட்ட முடியும். ஆனால் தரவுத்தளத்தை ஒரே நேரத்தில் பலர் படிக்க வேண்டும். அதனால் படிக்க வருகிறவர் 510-இல் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து பூட்டிக்கொள்வார். எழுத வருகிறவர் 510-ஐயும் மொத்தமாகப் பூட்ட வேண்டும். ஒருவர் படித்துக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கிடைக்காது. படிக்கும் இருவர் தற்செயலாக ஒரே பைட்டைத் தேர்ந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 95 எப்போதோ போய்விட்டது. அந்த இடம் மட்டும் மாறவில்லை. ஒரே கோப்பை வெவ்வேறு இயங்குதளங்கள் பகிரும்போது எங்கே பூட்டுவது என்பதில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டுமே! இன்றைய லினக்ஸ் கணினியும் அதே 510 பைட்டைத்தான் பூட்டுகிறது.

இனி, டிஸ்க். ஒரு நிரல் 'எழுது' என்று சொன்னதும் இயங்குதளம் 'ஆயிற்று' என்று பதில் தரும். பெரும்பாலும் அது இன்னும் நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் தொலைந்தது. டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகு பதில் சொல் என்று கேட்கத் தனிக் கட்டளை உண்டு. யூனிக்ஸில் அதன் பெயர் எஃப்சிங்க். எஸ்கியூலைட் வழக்கமாக ஒரு பக்கத்தை மாற்றும் முன் பழைய பக்கத்தை ஜர்னல் என்ற தனிக் கோப்பில் நகலெடுத்து, அதை டிஸ்க்கில் உறுதிப்படுத்தி, பிறகே தரவுத்தளத்தை மாற்றி, அதையும் உறுதிப்படுத்துகிறது. கடைசியில் ஜர்னலை அழிக்கிறது. அழிந்த கணமே மாற்றம் செல்லுபடியான கணம். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கும்போது ஜர்னல் கிடப்பதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இந்த ஒழுங்கை ஒவ்வொரு இயங்குதளமும் தன் பாணியில் கெடுக்கப் பார்க்கிறது. யூனிக்ஸில் கோப்பை மட்டும் உறுதிப்படுத்தினால் போதாது. அந்தக் கோப்பின் பெயரைத் தாங்கியிருக்கும் ஃபோல்டரையும் உறுதிப்படுத்த வேண்டும். மேக் கணினியில் எஃப்சிங்க் தகவலை டிஸ்க்கின் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. டிஸ்க்கின் சொந்த நினைவகத்தைத் தாண்டி உள்ளே பதிய வேறொரு கட்டளை வேண்டும், அது மெதுவானது. எஸ்கியூலைட் அதைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. விண்டோஸில் ஜர்னலை அழிக்கப் போகும் நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைத் திறந்து சோதித்துக்கொண்டிருக்கும், அழிக்க விடாது. அதனால் கொஞ்சம் பொறுத்துப் பொறுத்து, பத்து முறை வரை முயன்று பார்க்கிறார்கள். பதியாமலேயே பதிந்துவிட்டது என்று சொல்லும் டிஸ்க்குகளும் சந்தையில் உண்டு. அவற்றுக்கு எந்த அடுக்காலும் வைத்தியம் பார்க்க முடியாது.

இதெல்லாம் சின்ன மென்பொருளின் அதீதப் பயம் என்று ஒதுக்குகிறவர்கள் போஸ்ட்கிரெஸ் கதையைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் நம்பும் சர்வர் தரவுத்தளம் அது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் அது சுமார் 20 ஆண்டுகள் ஓடியது. 2018-இல்தான் விஷயம் வெளியே வந்தது. லினக்ஸில் டிஸ்க் கோளாறால் எஃப்சிங்க் தோற்றால், எழுதப்படாத அந்தப் பக்கங்களை 'எழுதியாயிற்று' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை கேட்டால் 'வெற்றி' என்று பதில் வரும். தகவல் எங்கேயும் இருக்காது. 2019-இல் போஸ்ட்கிரெஸ் முரட்டுத் தீர்வுக்குப் போனது: எஃப்சிங்க் தோற்றால் சர்வர் வேண்டுமென்றே விழும், எழுந்து தன் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும்.

எஸ்கியூலைட்டின் அடுக்கை 2007-இல், ஓடும்போதே கழற்றி மாட்டும்படி புதிதாக வடிவமைத்தார்கள். இதன் முதல் லாபம் சோதனையில் கிடைத்தது. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஒயரைப் பிடுங்க வேண்டியதில்லை. உண்மையான அடுக்குக்குப் பதிலாகப் பொய் சொல்லும் அடுக்கு ஒன்றை மாட்டினால் போதும். அது உறுதிப்படுத்தாத எழுத்துகளில் சிலவற்றைத் தொலைக்கும், சிலவற்றைக் குலைக்கும். பிறகு தரவுத்தளத்தைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு சோதனையில் முதல் டிஸ்க் செயல் தோற்கும்; அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது; அதற்கடுத்து மூன்றாவது; எதுவும் தோற்காமல் வேலை முடியும் வரை இப்படியே. 2023 கணக்குப்படி எஸ்கியூலைட் நிரலைப் போல் அதன் சோதனை நிரல் 590 மடங்கு பெரியது. வேறெந்தப் பொது மென்பொருளிலும் இந்த விகிதத்தைப் பார்ப்பது அரிது.

அடுக்கை மாற்றலாம் என்று ஆனபின் அடியில் நிஜக் கோப்பு இருக்க வேண்டிய கட்டாயமும் போயிற்று. ஒரு நிரல் கோப்பின் வாலில் தரவுத்தளத்தை ஒட்டவைக்கும் அடுக்கு, பெரிய தரவுத்தளத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து வைக்கும் அடுக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்ப்பு எண் சேர்க்கும் அடுக்கு என்று பல வந்தன. 2021-இல் ஒரு புரோகிராமர் இதே எண்ணத்தை இன்னும் இழுத்தார். உலக வங்கியின் வளர்ச்சிக் குறியீடுகள் அடங்கிய, 600 எம்.பி.க்கும் மேலான எஸ்கியூலைட் கோப்பை ஒரு சாதாரண இணையதளத்தில் வைத்தார். பிரவுசரில் ஓடும் எஸ்கியூலைட் ஒரு பக்கத்தைக் கேட்டால், இடையில் இருக்கும் போலிக் கோப்பு அந்தச் சில கிலோபைட்டை மட்டும் இணையத்திலிருந்து வாங்கித் தந்தது. மீதி அங்கேயே இருந்தது.

2022 நவம்பரில் எஸ்கியூலைட்டே அதிகாரபூர்வமாக பிரவுசருக்குள் வந்தது. பிரவுசர்கள் ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனியாக ஒதுக்கும் சேமிப்பிடத்தில் எழுதப் புதிய அடுக்கு ஒன்றைச் செய்தார்கள். அங்கே கோப்பைத் திறப்பது போன்ற சில வேலைகளுக்கு உடனே பதில் வராது. 'முடிந்ததும் சொல்கிறேன்' என்று பிரவுசர் போய்விடும். எஸ்கியூலைட்டோ பதில் வரும் வரை நகராத வகை. ஆகவே கேட்பதற்கு ஒரு வொர்க்கர் (பிரவுசர் பின்னணியில் ஓட்டும் தனி நிரல்), கோப்பைக் கையாள இன்னொரு வொர்க்கர்; இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் முதலாமவர் பதிலுக்காக உறைந்து நிற்பார். பூட்டுத் தகராறு இங்கும் உண்டு. ஒரு டேப் கோப்பை இந்த வழியில் திறந்துவிட்டால் இன்னொரு டேப் திறக்க முடியாது. எனவே வேலையில்லாத நேரத்தில் கைப்பிடியை விட்டுக்கொடுத்து, தேவைப்படும்போது மறுபடி கேட்டு வாங்குகிறது இந்த அடுக்கு. இரண்டு டேப்கள் கொஞ்சமாக எழுதினால் சமாளிக்கலாம். விடாமல் எழுதினால் ஒன்றுக்குத் தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழைச் செய்தி வந்துவிடுகிறது.