வினா நேரமும் கடல் எல்லையும்

பாராளுமன்ற வரலாற்றில் பதிவு பெற்ற முதல் வினா, 1721-ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் எழுந்தது என்பர். தென்கடற் கம்பெனி என்னும் வாணிகக் கழகம் முறிவுற்று, பலர் பொருளிழந்து நின்ற காலம் அது. அக்கம்பெனியின் தலைமைக் காசாளராகிய இராபர்ட் நைட் நாட்டை விட்டுத் தப்பியோடினார். அவர் பிரசெல்ஸ் நகரிற் பிடிபட்டார் என்னும் செய்தி மெய்தானா என்று கௌப்பர் பிரபு அரசாங்கத்தை வினவினார். முதல் வினாவே கடல் வாணிகத்தையும் பிறநாட்டையும் தொட்டதாக அமைந்தது தற்செயலே. ஆயினும், உள்நாட்டுப் பாதை, பாடசாலை, வைத்தியசாலை பற்றிய வினாக்களுக்கு மந்திரிமார் எளிதில் விடையளிப்பர். கடலெல்லை, பிறநாட்டு உடன்படிக்கை என்று வந்தால் வாய் திறக்கத் தயங்குவர். இத்தயக்கத்தின் காரணத்தையும், அதனால் விளைந்த பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளையிலிருந்து கடலைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று சிலர் கருதலாம். வகுப்பிற் கச்சதீவைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது யாழ்ப்பாணத்தாருக்கும் இராமேசுவரத்தாருக்கும் உள்ள வழக்கு, நமக்கென்ன சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. மண்டபம் முகாமில் தங்கி, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி ஊவாத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இவ்வாறு கேட்கின்றனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-இற் கப்பல் ஓடத் தொடங்கியது. பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924-இல். அச்சிறு கடல் நமக்கு அந்நியமானதன்று. அதிலும், 1974-ஆம் ஆண்டில் அக்கடலின் எல்லையும் மலையகத்தாரின் குடியுரிமையும் ஒரே இரு பிரதமர்களால், ஆறு மாத இடைவெளிக்குள் பங்கிடப்பட்டன என்பதைப் பலர் சேர்த்து நோக்குவதில்லை.

முதலில் வினாவின் இயல்பைச் சிறிது காண்போம். அங்கத்தவர் எழுத்து மூலம் முன்னறிவித்தல் கொடுப்பார். அமைச்சின் உத்தியோகத்தர் விடையைத் தயாரிப்பர். அவ்விடை பெரும்பாலும் மெருகிட்ட சொற்களாய் இருக்கும். அதனைத் தொடர்ந்து, எழுதி வைக்காமற் கேட்கப்படும் குறைநிரப்பு வினாவிலேதான் அங்கத்தவரின் ஆற்றல் புலப்படும். இந்தியச் சட்டசபைகளில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வினாத் தொடுக்கும் உரிமையை மட்டும் அளித்தது. குறைநிரப்பு வினாவுக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆங்கில ஆட்சியாளர் எதற்கு அஞ்சினர் என்பது இதனால் விளங்கும்.

வெளிவிவகாரத்திலோ மந்திரிக்குப் புகலிடங்கள் பல. பேச்சுவார்த்தை நடைபெறுகின்றது எனலாம்; பொதுநலன் கருதி வெளியிட இயலாது எனலாம். நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாக வினாவிற் குறிப்பிடுதலாகாது என்பது இந்திய லோக்சபையின் நடைமுறை விதிகளுள் ஒன்று. இவை யாவும் நியாயமற்றவை என்று கூறுதற்கில்லை. பேரம் பேசும் வேளையிற் கையிலுள்ளதை எல்லாருக்கும் விரித்துக் காட்டுபவர் எவருமில்லை. பேரம் முடிந்த பின்னரும் கையை மூடியே வைத்திருத்தல்தான் குறை.

கச்சதீவு ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள தீவு. குடியிருப்போ குடிநீரோ இல்லாத அங்கே அந்தோனியார் ஆலயம் ஒன்று உண்டு. 1921-இற் சென்னை அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் மீன்பிடி எல்லை வகுக்கக் கொழும்பிற் கூடியபோதே அதன் உரிமை பற்றிய பேச்சு எழுந்தது. சுதந்திரத்தின் பின் டில்லிப் பாராளுமன்றத்தில் இதுபற்றி அங்கத்தவர் பலமுறை வினாத் தொடுத்தனர். பிரதமர் நேரு 1961 மே 10-ஆந் தேதியிட்ட குறிப்பொன்றில், அச்சிறு தீவுக்குத் தாம் முக்கியத்துவம் அளிப்பதில்லை என்றும், அதன்மீதுள்ள உரிமையைக் கைவிடத் தயங்கப் போவதில்லை என்றும் எழுதினார். அக்குறிப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2024-இல் வெளிவந்து பெரும் பேச்சாயிற்று. பாராளுமன்றத்தில் எழுந்த வினாக்கள் பெறாத விடையை, அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின் ஒரு விண்ணப்பம் பெற்றுத் தந்தது.

1974 ஜூன் 26-இற் கொழும்பில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும், 28-இற் புதுடில்லியில் இந்திரா காந்தியும் கடலெல்லை உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். ஜூலை 8-இல் அது நடைமுறைக்கு வந்தது. வெளிவிவகார மந்திரி சுவரண் சிங் லோக்சபைக்கு அறிக்கை அளித்ததோ ஜூலை 23-இல். இத்தேதிகளின் வரிசையே என் கருத்துக்குப் போதிய சான்று. இரா. செழியன், இராமநாதபுரத்து அங்கத்தவராகிய மூக்கையாத் தேவர், வாஜ்பாய், மது லிமாயி முதலியோர் வெகுண்டெழுந்தனர். ஆயின் அவர்கள் எதிர்த்தது, ஏற்கெனவே உறுதிப்படுத்தப்பட்டுவிட்ட ஓர் ஒப்பந்தத்தையே.

அவர்கள் கையில் வலிய வாதம் ஒன்றிருந்தது. பெருபாரி என்னும் வங்காளப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று இந்திய உயர்நீதிமன்றம் 1960-இற் கருத்துரைத்தது. அதன்படி ஒன்பதாந் திருத்தம் நிறைவேறிற்று. அவ்வாறாயின் கச்சதீவுக்கு ஏன் திருத்தம் இல்லை? தீவு இந்தியாவுடையதென்று தீர்ந்திருந்தாலன்றோ கொடுத்தல் என்ற பேச்சு எழும். பிணக்கிலிருந்த இடத்தில் எல்லை வகுத்தது கொடையாகாது என்பது அரசாங்கத்தின் நிலை. சட்டம் கற்போருக்கு இது சுவையான சிக்கல்.

அதனினும் நுட்பமானது வேறொன்று. மீன்பிடி, யாத்திரை, கப்பற் போக்குவரத்து ஆகிய உரிமைகள் முன்போலவே காக்கப்பட்டுள்ளன என்று சுவரண் சிங் கூறினார். உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவை எடுத்து வாசித்தால், இந்திய மீனவரும் யாத்திரிகரும் தீவுக்கு முன்போல் வந்து போகலாம் என்றுதான் இருக்கின்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளைக் குறிக்கின்றது. மீன் பிடிக்கும் உரிமை என்னும் சொற்றொடர் எங்கே? "எந்தப் பிரிவின் எந்த வரியில்?" என்ற ஒரு குறைநிரப்பு வினா, நீண்ட கண்டனவுரை பலவற்றினும் மேலான பயன் தந்திருக்கும் என்பது என் துணிபு.

1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த இரண்டாம் உடன்படிக்கை வந்தது. அன்றே இரு நாட்டு வெளிவிவகாரச் செயலாளர் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என்று எழுதப்பட்டது. அப்போது இந்தியாவில் அவசரகால நிலை, எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தமிழக அமைச்சரவை ஜனவரி 31-இற் கலைக்கப்பட்டிருந்தது. தட்டிக் கேட்க வேண்டியவர் பலர் சபையிலேயே இல்லை. 2024-க்கு முந்திய இருபதாண்டுகளில் 6,184 இந்திய மீனவர் இலங்கையாற் கைது செய்யப்பட்டனர், 1,175 படகுகள் பிடிபட்டன என்று மந்திரி ஜெய்சங்கர் அவ்வாண்டு ஏப்பிரலிற் கூறினார். இத்தொகை கொண்டு ஒரு பக்கத்தாரை மட்டும் குறை கூறலாகாது. இழுவைப் படகுகளால் வலையும் வளமும் இழந்த வடபுலத்து மீனவரும் தமிழரே. அவர்களுக்காகச் சுமந்திரன் வினாவோடு நில்லாது, தனியங்கத்தவர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 2017-இல் அது சட்டமாகி, அடிமட்ட இழுவை மீன்பிடியைத் தடைசெய்தது. அரசாங்கத்தைச் சாராத ஓர் அங்கத்தவர் கடல் விடயத்தில் இவ்வளவு சாதித்தது அரிதினும் அரிது.

நிற்க. மலைநாட்டுக்கு வருவோம். 1947-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அவருள் பதுளையின் எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், 1952-இல் அவர்களுள் ஒருவரும் திரும்பி வரவில்லை. சோல்பரி அரசியலமைப்பின்படி பிரதம மந்திரியே வெளிவிவகாரத்துக்கும் பொறுப்பானவர். ஆகவே தோட்ட மக்களின் தலைவிதி, தொழில் மந்திரியையோ உள்நாட்டு மந்திரியையோ கேட்கும் காரியமாக அன்றி, இரு பிரதமர்களுக்கிடையிலான இராஜதந்திர விடயமாயிற்று. 1964 அக்டோபர் 30-ஆந் தேதி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் ஆராயப்படுவர். 1974 ஜனவரியில் அவ்வெச்சமும் செம்பாதியாக, 75,000 வீதம் பகிரப்பட்டது. மனிதரைப் பாதியாய்ப் பகுத்த அக்கணக்கு எந்த அடிப்படையில் வந்தது என்று கேட்க, அம்மக்களின் வாக்காற் சென்ற அங்கத்தவர் 1964-இலும் கொழும்பில் இல்லை, 1974-இலும் இல்லை. தொண்டமான் 1960-இற் சபையில் அமர்ந்ததும் நியமன அங்கத்தவராகவே. டில்லியிற் பேசிய சென்னை அங்கத்தவருக்கோ இவர்கள் வாக்காளர் அல்லர். கச்சதீவுக்காக இராமநாதபுரத்தின் அங்கத்தவர் எழுந்து நின்றார்; ஊவாவுக்காக எழுந்து நிற்க எவருமில்லை.

அக்குறை படிப்படியே நீங்கிற்று. தொண்டமான் 1977-இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் மக்கள் வாக்காற் தெரிவானார். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. 2024-இற் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் தெரிவாகி, பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகப் பெண்களுள் ஒருவரானார். இனி, மலையகத்து அங்கத்தவர் வெளிவிவகார மந்திரியைக் கேட்பதற்கு விடயமில்லையா? ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டாலர்க் கடனைத் தேயிலையால் அடைப்பதென 2021-இல் இணக்கம் ஏற்பட்டது. ஒவ்வோராண்டும் எவ்வளவு தேயிலை சென்றது, அதில் ஊவாத் தேயிலை எவ்வளவு என்பது ஒரு வினா. தமிழக முகாம்களில் வாழ்ந்த மலையக வழியினருக்கும் பிரசாவுரிமை கிட்டுமாறு 2009-இற் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி விண்ணப்பித்தோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர், மறுக்கப்பட்டோருக்குக் கூறப்பட்ட காரணம் யாது என்பது மற்றொன்று. இவற்றுக்கு மந்திரி தரும் முதல் விடை எத்தகையதாயினும், குறைநிரப்பு வினாவை அங்கத்தவர் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.