கட்டிக்கு ரத்தம் செல்லும் வழி

புற்றுநோய்க்கான சில மருந்துகளைச் செலுத்தும் முன் ரத்த அழுத்தத்தை அளக்கிறோம். குறிப்பிட்ட இடைவெளியில் சிறுநீரையும் பரிசோதிக்கிறோம். நோய் குடலில் இருக்கும்போது ரத்த அழுத்தத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று நோயாளிகளும் உடனிருப்போரும் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கான விடை, கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தை எவ்வாறு பெறுகிறது என்பதில் இருக்கிறது.

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் உணவும் ஆக்சிஜனும் இன்றி வாழா. புற்றுநோய் உயிரணுக்களுக்கும் இது பொருந்தும். 1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், உடலிலிருந்து பிரித்தெடுத்து ஆய்வகத்தில் உயிருடன் வைத்திருந்த உறுப்பில் புற்றுநோய் உயிரணுக்களைச் செலுத்திப் பார்த்தார். அவை ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலில் வைத்தபோது விரைந்து பெருகின. உறுப்பில் புதிய ரத்த நாளங்கள் தோன்றவில்லை. எலியின் உடலில் தோன்றின. பின்னர் பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1971இல் தம் கருத்தை வெளியிட்டார். புதிய ரத்த நாளங்கள் உருவாகாமல் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியையும் தடுக்கலாம் என்பதே அக்கருத்து. அதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

கட்டி புதிய நாளங்களை எப்படி வரவழைக்கிறது? வளரும் கட்டியின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைகிறது. அங்குள்ள உயிரணுக்கள் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே அனுப்புகின்றன. அருகிலுள்ள ரத்த நாளங்களின் உட்சுவரில் அதை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் புரதம் ஏற்பியில் பொருந்தியதும், பெருகுமாறும் நகருமாறும் அந்தச் சுவரின் உயிரணுக்களுக்குள் செய்தி செல்கிறது. நாளத்திலிருந்து கிளை முளைத்துக் கட்டியை நோக்கி வளர்கிறது.

1989இல் நாப்போலியோனே ஃபெராரா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இப்புரதத்தைப் பிரித்தெடுத்து 'வி.இ.ஜி.எஃப்.' எனப் பெயரிட்டனர். இதைப் பற்றிக்கொண்டு, ஏற்பியை அடையாதபடி தடுக்கும் மருந்தே பெவாசிசுமாப். 2004இல் அமெரிக்காவில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு, கீமோதெரபியுடன் சேர்த்துத் தர இதற்கு அனுமதி கிடைத்தது. சுனிடினிப் போன்ற மாத்திரைகள் வேறு முறையில் இயங்குகின்றன. உயிரணுவுக்குள் ஏற்பி அனுப்பும் செய்தியை அவை தடுக்கின்றன.

இம்மருந்துகளால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். 2004இன் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்கள், பெவாசிசுமாப்பும் பெற்றவர்களுக்கு அது 20.3 மாதங்கள். இவை ஒரு பெருங்குழுவின் நடுமதிப்புகள். பாதிப் பேர் அதைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். ஆகவே இவ்வெண்களைத் தனி ஒருவருக்கு விதிக்கப்பட்ட கெடுவாக எண்ணிவிடக் கூடாது. மருந்து கட்டியை முற்றிலும் பட்டினி போட்டு அழித்துவிடுவதில்லை. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் ரத்தம் பெறவும் கட்டியால் இயலும். எல்லா வகைப் புற்றுநோய்க்கும் இம்மருந்து பயன்படுவதும் இல்லை.

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். இதே புரதம் நலமான உடலுக்கும் தேவை. ரத்த நாளங்கள் தளர்ந்து விரிய அது உதவுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் காக்கிறது. புண் ஆறுவதற்குத் துணைபுரிகிறது. அதைத் தடுக்கும்போது ரத்த அழுத்தம் உயரலாம், சிறுநீரில் புரதம் வெளியேறலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். இவை பெரும்பாலும் வெளியே தெரியாமல் தொடங்குவதால்தான் அளந்து பார்க்கிறோம்.

எனவே இம்மருந்தைப் பெறுவோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பல் பிடுங்குவதற்கும் எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன், இம்மருந்தைப் பெறுவதை அந்த மருத்துவரிடம் தெரிவியுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். திட்டமிட்ட பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் பெவாசிசுமாப்பைக் குறைந்தது 28 நாட்கள் நிறுத்தி வைப்பதும், காயம் முழுவதும் ஆறிய பின்னரே மீண்டும் தொடங்குவதும் வழக்கம். அந்த இடைவெளியைச் சிகிச்சையைக் கைவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

கடும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, ரத்த வாந்தி, கருநிற மலம், நிற்காத மூக்கு ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், பேச்சுக் குழறல், கடும் தலைவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல், இரவாயினும் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். வந்ததும், எந்த மருந்தைப் பெற்று வருகிறீர்கள் என்பதை அங்குள்ளோரிடம் முதலில் கூறுங்கள்.