டீஸ் எங்கே இருந்தாள்? குறளரின் கதையை எழுதும் இரசிகர்கள்

தாடி, கோடரி, பியர்க் குவளை, தங்கத்தின் மீது ஆசை, மூக்கின் மேல் கோபம். மேற்குலக மாயப் புனைகதைகளில் வரும் 'டுவார்ஃப்' இனத்தவரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது இவ்வளவுதான். கணினி விளையாட்டுகளும் திரைப்படங்களும் இந்த உருவத்தை ஆழமாகப் பதித்துவிட்டன. ஆனால், இவர்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். ரொல்கீனின் நூல்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இவர்களது இடப்பெயர்வு. ஊரையும் உறவுகளையும் இழந்து, பிறர் நிலத்தில் கூலிக்கு இரும்படித்துக் காலம் கழித்த மக்கள் இவர்கள்.

ரொல்கீன் எழுதாமல் விட்ட இவர்களது வாழ்வை உலகின் பல நாடுகளிலும் உள்ள இரசிகர்கள் எழுதி வருகிறார்கள். அதை எப்படி எழுதுகிறார்கள், அவற்றில் சில கதைகள் மட்டும் ஏன் நெஞ்சில் தங்கிவிடுகின்றன என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

அதற்கு முன் சொல் பற்றி ஒரு வார்த்தை. 'குள்ளர்' என்று மொழிபெயர்த்தால் அது தெருவில் கேலி செய்யும் சொல்லாகிவிடும். உயரம் குறைந்தவர்களாகப் பிறந்த மனிதர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களைக் காயப்படுத்தும் சொல் அது. பழந்தமிழில் உயரம் குறைந்தவரைக் குறிக்கக் 'குறள்' என்ற சொல் இருந்தது. அதை வைத்து இங்கே 'குறளர்' என்று எழுதுகிறேன். ரொல்கீனும் அன்றைய ஆங்கிலத்தில் வழக்கமாக இருந்த பன்மை வடிவத்தை விட்டுவிட்டு, தன் கதை மக்களுக்கென்று வேறொரு வடிவத்தைப் பிடிவாதமாகப் பயன்படுத்தியவர்தான்.

'த ஹொபிற்' 1937 இலும், 'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. இரண்டாவது நூலின் பின்னிணைப்பில்தான் குறளரின் வரலாறு சுருக்கமாக இருக்கிறது. கதையுலகின் ஆண்டுக் கணக்கில் 2770 இல் ஸ்மௌக் என்ற டிராகன் எரெபோர் மலையைத் தாக்குகிறது. மலையைக் குடைந்து மண்டபங்களும் பட்டறைகளுமாக வாழ்ந்த குறளர் கொல்லப்படுகிறார்கள். தப்பியவர்கள் தெற்கே அலைகிறார்கள். இளவரசன் தோரினுக்கு அப்போது 24 வயது. குறளர் 250 ஆண்டுகள் வரை வாழக்கூடியவர்கள் என்பதால் அது பிள்ளை வயதுதான். 2790 இல் பாட்டன் திரோர் மோரியாவில் ஓர்க்குகளால் கொல்லப்படுகிறார். அதற்குப் பழிதீர்க்கும் யுத்தம் 2793 முதல் 2799 வரை நீடிக்கிறது. குறளர் வெல்கிறார்கள். ஆனால் வென்ற பிறகும் மோரியா என்ற பழைய தலைநகருக்குள் போக முடியவில்லை. அங்கே அதைவிடப் பெரிய பயங்கரம் இருக்கிறது. மறுபடியும் அலைச்சல். இறுதியில் மேற்கே நீல மலைகளில் ஒரு குடியிருப்பு. எரெபோருக்குத் திரும்பும் பயணம் தொடங்குவது 2941 இல். இடையில் 171 ஆண்டுகள்.

அந்த 171 ஆண்டுகளுக்கு ரொல்கீன் ஒதுக்கியது சில பக்கங்கள். இரசிகர்கள் பயிர் செய்யும் நிலம் இதுதான்.

இரசிகர் புனைகதை என்பது, ஏற்கெனவே உள்ள ஒரு நூலின் அல்லது திரைப்படத்தின் பாத்திரங்களை எடுத்து வாசகர்கள் தாமே எழுதும் கதை. பணத்துக்காக எழுதப்படுவதில்லை. இவ்வாறான கதைகளைச் சேமித்து வைக்கும் 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற இணையத்தளம் 2009 இல் பொதுப் பாவனைக்கு வந்தது, தொண்டர்களால் நடத்தப்படுகிறது, 2019 இல் அறிபுனைத் துறையின் முக்கிய விருதான ஹியூகோ விருதையும் பெற்றது. பீற்றர் ஜக்சனின் மூன்று 'ஹொபிற்' திரைப்படங்கள் 2012 முதல் 2014 வரை வெளியானபோது குறளர் பற்றிய கதைகள் அங்கே குவியத் தொடங்கின.

ரொல்கீனின் நூல்களில் குறளர் எப்போதும் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறார்கள். தன் கதைகள் ஹொபிற்றுகள் எழுதிவைத்த பழைய ஏடொன்றின் மொழிபெயர்ப்பு என்பது அவரது பாவனை. ஆகவே குறளர் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அவர்களுக்கு விருந்து வைத்த, அவர்களோடு நடந்த, ஆனால் அவர்களில் ஒருவர் அல்லாதவர்களின் சாட்சியம். குறளர் தம் கையால் எழுதி, கதைக்குள் நாம் வாசிக்கக் கிடைக்கும் ஏடு ஒன்றுதான். 2989 இல் மோரியாவில் மீளக் குடியேறப் போன பாலினின் குழு ஐந்தே ஆண்டுகளில் அழிந்துபோகிறது. அவர்களது கடைசி நாட்களைச் சொல்லும் பதிவேடு வெட்டுப்பட்டும் எரிந்தும் கறை படிந்தும் கிடைக்கிறது. ரொல்கீன் இதன் சில பக்கங்களைத் தன் கையாலேயே தயாரித்தார். புகைக்குழாயால் சுட்டு, ஓரங்களைக் கிழித்துப் பழையதாக்கினார். செலவு அதிகம் என்பதால் முதற்பதிப்பில் அவை அச்சாகவில்லை. எழுதியவர்கள் ஒருவரும் மிஞ்சாத ஒரு பதிவேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் பார்க்கும்போது, குறளர் தம் கதையைத் தாமே சொன்னால் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

நல்ல இரசிகர் கதைகள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. 'ஹொபிற்' நாவலில் தோரின் தன் அலைச்சல் காலத்தைப் பற்றி ஓரிடத்தில் போகிற போக்கில் சொல்கிறான்: பிழைப்புக்காகக் கொல்லு வேலையும், ஏன், நிலக்கரி தோண்டும் வேலையும் செய்தோம் என்று. இந்தச் சிறு குறிப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ கதைகள். மனிதர்களின் கிராமத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கும் அரச குமாரன். பேசிய கூலியைத் தராமல் இழுத்தடிக்கும் முதலாளி. உச்சரிப்பைக் கேட்டதும் கதவைச் சாத்தும் வீடுகள். குளிர்காலத்தில் யாருக்கு முதலில் உணவு என்று தீர்மானிக்க வேண்டிய தலைவன். டிராகனோ மந்திரமோ இல்லாத கதைகள் இவை. நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை பிள்ளைகளைப் பற்றியவை. தோரினின் மருமக்கள் பீலி, கீலி இருவரும் பிறந்தது முறையே 2859, 2864 ஆம் ஆண்டுகளில், நீல மலைகளில். எரெபோரை அவர்கள் கண்டதே இல்லை. அவர்களுக்கு அந்த மலை என்பது மாமன் பாடும் பாட்டு. பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மௌனமாகும் ஒரு பெயர். அப்படியொரு இடத்தை மீட்கப் போய் இருவரும் உயிரை விடுகிறார்கள். அது அவர்களது விருப்பமா, மரபாக வந்த கடனா? நல்ல இரசிகர் எழுத்தாளர்கள் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்வதில்லை.

பண்பாட்டை உருவாக்குவதில் மொழிக்குப் பெரிய இடம். குஸ்டுல் என்ற தம் மொழியைக் குறளர் பிறருக்குக் கற்பிப்பதில்லை. தம் உண்மைப் பெயரையும் வெளியாரிடம் சொல்வதில்லை. கல்லறையில்கூட அதைப் பொறிப்பதில்லை. தோரின், பாலின் என்பவை வெளியாருக்கான பெயர்கள். கைச்சைகைகளால் ஆன இக்லிஷ்மெக் என்ற பேச்சும் உண்டு. இவ்வளவுதான் ரொல்கீன் தந்த எலும்புக்கூடு, சொற்களும் சொற்பமே. திரைப்படங்களுக்காக மொழியியலாளர் டேவிட் சாலோ அதை விரிவாக்கினார். இரசிகர்கள் மேலும் போய் அகராதிகள் தொகுத்தார்கள். தாலாட்டும் சாபமும் எழுதினார்கள். பின்னலில் கோக்கும் மணிகள் யாருக்கு என்ன உறவு என்பதைச் சொல்லும் என்று வழக்கங்களைப் படைத்தார்கள். இந்தப் பின்னல் வழக்கம் ரொல்கீனில் இல்லவே இல்லை. ஆனாலும் எத்தனையோ கதைகளில் திரும்பத் திரும்ப வந்து, இன்று மரபு போலவே ஆகிவிட்டது. திரைப்படத்தில் பிஃபுர் என்ற குறளன் நெற்றியில் கோடரித் துண்டோடு வருகிறான். தாய்மொழியிலும் சைகையிலும் மட்டுமே பேசுகிறான். திரையில் அது பாதி நகைச்சுவை. இரசிகர் கதைகள் பலவற்றில் அவன் போரில் தலையில் காயமடைந்து மற்ற மொழிகளை இழந்தவன். அவனுக்காக மைத்துனர்கள் மொழிபெயர்க்கிறார்கள், சில நேரம் பொறுமையிழக்கிறார்கள். காயத்தோடு வாழும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறுமையிழப்பு எவ்வளவு உண்மை என்று தெரியும்.

குறளரை எழுதுவதில் ஒரு பொறியும் உண்டு. 1955 இல் எழுத்தாளர் நயோமி மிச்சிசனுக்கு எழுதிய கடிதத்தில், குறளரைத் தான் யூதர்களைப் போல நினைப்பதாக ரொல்கீன் குறிப்பிட்டார். வாழும் நாட்டுக்கு உரியவராகவும் அந்நியராகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள், அந்நாட்டு மொழியைத் தம் தாய்மொழியின் சாயலோடு பேசுபவர்கள் என்ற பொருளில். குஸ்டுல் மொழியும் எபிரேயம் போல மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டு அமைக்கப்பட்டது. ரொல்கீன் யூத வெறுப்பாளர் அல்லர். 1938 இல் ஜெர்மன் பதிப்பகம் ஒன்று அவர் ஆரிய வம்சத்தவரா என்று கேட்டபோது, கோபம் தெறிக்கும் பதில் வரைவொன்றை எழுதியவர். ஆனால் தங்கத்தின் மீது தீராத ஆசை கொண்ட இனம் என்ற சித்திரிப்பும், யூதர் மீது ஐரோப்பா நூற்றாண்டுகளாகச் சுமத்திய பழியும் அருகருகே நிற்கின்றன. இதை அறியாமல் எழுதுபவர்கள் அந்தப் பழியையே மறுபதிப்புச் செய்கிறார்கள். அறிந்து எழுதுபவர்கள், எல்லாவற்றையும் ஒருமுறை பறிகொடுத்தவர்கள் கையிருப்பை ஏன் இறுகப் பிடிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

2799 இன் கடைசிச் சமருக்குப் பிறகு நடப்பது, ரொல்கீன் எழுதியவற்றிலேயே என் மனதை விட்டு அகலாத ஒன்று. குறளர் இறந்தவர்களைக் கல்லறையில்தான் வைப்பார்கள். ஆனால் அன்று இறந்தவர்கள் அத்தனை பேர்; கல்லறை அமைக்க ஆண்டுகள் ஆகும். உடல்களை விலங்குகளுக்கும் ஓர்க்குகளுக்கும் விட்டுவிடவும் மனமில்லை. பள்ளத்தாக்கின் மரங்களை எல்லாம் வெட்டிச் சிதை அடுக்கி எரிக்கிறார்கள். அதன்பின் 'எரிக்கப்பட்டவர்' என்பது மரியாதைச் சொல்லாகிறது. தம் முன்னோரில் ஒருவர் எரிக்கப்பட்டவர் என்று சொன்னாலே போதும், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எரிக்கும் வழக்கமுள்ள ஒரு சமூகம் யுத்தத்தில் புதைக்கத் தொடங்கியதை வடக்கு, கிழக்கில் நாம் கண்டிருக்கிறோம்; இங்கே புதைக்கும் மக்கள் எரித்தார்கள்.

இந்த இழப்புகளைத் தாங்க முடியாத இரசிகர்கள் முடிவையே மாற்றி எழுதுவதுண்டு. தோரினும் மருமக்களும் பிழைத்துக்கொள்ளும் கதைகள் ஏராளம். அவற்றில் பல வெறும் ஆறுதல் மிட்டாய்கள்; அதில் குற்றமில்லை, ஆனால் படித்ததும் மறந்துவிடும். நிற்பவை வேறு வகை. பிழைத்தவர்கள் பாழடைந்த மலைக்குள் நுழைகிறார்கள். எந்த வீடு யாருடையது? சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? டிராகன் கொன்றவர்களின் எலும்புகளை யார் பொறுக்குவது? நீல மலைகளில் தொழிலும் நட்பும் தேடிக்கொண்டவர்கள் திரும்பி வர மறுத்தால் அது துரோகமா? யுத்தம் முடிந்ததோடு முடியாத கதைகள் இவை.

இனி டீஸ். தோரினின் தங்கை, பீலி, கீலியின் தாய். ரொல்கீனின் வரலாற்றில் பெயர் சொல்லப்படும் ஒரே குறள மகள் இவள்தான். குறளரில் மூன்றில் ஒரு பங்கினரே பெண்கள், அவர்கள் அரிதாகவே வெளியே வருவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் கடந்துவிடுகிறார். ஆனால் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு வாழ்க்கை தெரிகிறது. ஊர் எரிந்தபோது அவளுக்கு 10 வயது. பாட்டன் கொல்லப்பட்டபோது 30. இளைய அண்ணன் பிரெரின் சமரில் விழுந்தபோது 39. தந்தை திராயின் 2841 இல் சிலரோடு புறப்பட்டுப் போனார். 2845 இல் ஓர் இரவு, படுத்திருந்த முகாமிலிருந்து காணாமல் போனார். கூடப் போனவர்கள் நீண்ட நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். உண்மையில் அவர் பிடிக்கப்பட்டு, ஒரு நிலவறையில் சித்திரவதைக்குள்ளாகி, தன் பெயரையே மறந்த நிலையில் 2850 இல் இறந்தார். சாகுமுன் கந்தால்ஃபிடம் அவர் கொடுத்த வரைபடமும் சாவியும் தோரினின் கைக்கு வந்து சேர 91 ஆண்டுகள் ஆயின. அதே ஆண்டு அண்ணனும் இரண்டு பிள்ளைகளும் எரெபோரில் இறந்தார்கள்.

அந்தச் செய்தியை அவளிடம் யார் கொண்டுபோனார்கள் என்று ரொல்கீன் எழுதவில்லை. இரசிகர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். சில கதைகளில் காகம் கொண்டுவருகிறது, சிலவற்றில் பாலின் நேரில் வந்து வாசலில் நிற்கிறான். சில கதைகளில் அவள் எரெபோருக்குப் போய்ப் பிள்ளைகளின் கல்லறையைத் தொட்டுப் பார்க்கிறாள். வேறு சிலவற்றில் போகவே மறுத்துவிடுகிறாள். பின்னிணைப்பிலுள்ள வம்சாவளிப் பட்டியலில் தோரின், பிரெரின், பீலி, கீலி எல்லோருக்கும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் உண்டு. டீஸின் பெயருக்குப் பக்கத்தில் 2760 என்று மட்டும் இருக்கிறது.