செடித் தொட்டியும் கரியமில வாயுவும்

கொச்சியில் பிராட்வே கடைத்தெருவிலோ மட்டாஞ்சேரியின் பலசரக்குக் கடைகளிலோ சர்க்கரை, ஈஸ்ட், சமையல் சோடா, சிட்ரிக் அமிலம் ஆகியவற்றை அதிகச் செலவின்றி வாங்கிவிடலாம். இவற்றோடு ஒரு காலிச் சோடாப் புட்டியும் இரண்டு மீட்டர் மெல்லிய குழாயும் சேர்ந்தால், நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டிக்குக் கரியமில வாயு அளிக்கும் சாதனம் ஆயத்தமாகிவிடும். உருளையில் அடைத்த வாயுவும் அதற்குரிய அழுத்தமானியும் வாங்க இயலாத பள்ளிகளும் இல்லங்களும் இம்முறையை மேற்கொள்வது இயல்பே. ஆயினும் உருளையில் உள்ள திருகு இதில் இல்லை. சர்க்கரைக் கரைசல் நொதிக்கத் தொடங்கிய பின் அதனை விரும்பியபோது நிறுத்த முடியாது. இம்முறையில் நேரும் விபத்துக்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

வேலம்பாசியைக் கண்ணாடிப் புனலின் கீழ் வைத்து, வெயிலில் எழும் குமிழிகளை எண்ணும் சோதனையை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். நீரில் சிறிது சமையல் சோடாவைக் கரைத்தவுடன் குமிழிகள் பெருகுகின்றன; செடிக்குக் கரியமில வாயு போதாமல் இருந்தது என்பதே இதன் பொருள். காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் கரியமில வாயுவே கரைந்திருக்கும். செடிகளை முதன்மையாகக் கருதி வளர்ப்போர் இதனை 15 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகின்றனர். ஒளி குறைந்த தொட்டியில் இம்முயற்சியின் பயன் குறைவு.

புட்டிக்குள் நிகழ்வது, கள் சேர்த்த ஆப்ப மாவு பொங்கும்போது நிகழ்வதேயாகும். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. 200 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 100 கிராம் வாயு, அதாவது 30 பாகை வெப்பத்தில் 55 லிட்டருக்கு மேற்பட்ட வாயு, வெளிப்படும். இதனால் வீட்டிலுள்ளோருக்கு மூச்சுத்திணறல் உண்டாகும் என்ற அச்சம் வேண்டியதில்லை. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்று மீட்டரான அறையில் இவ்வளவும் ஒரே நேரத்தில் வெளியானாலும் அது காற்றில் ஆயிரத்தில் இரண்டு பங்கே ஆகும். உண்மையில் அது வெளிவர ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். ஆனால் குழாய் அடைபட்டு, அதே வாயு ஒன்றரை லிட்டர்ப் புட்டிக்குள் சிறைப்படுமாயின் நிலைமை வேறு. கண்ணாடிப் புட்டி வெடித்துச் சிதறும். ஆகையால் கண்ணாடிக் கலங்களை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. குடிநீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் புட்டியும் ஏற்றதன்று. வாயு ஏற்றிய பானங்களுக்கென அழுத்தம் தாங்குமாறு செய்யப்பட்ட புட்டியே தக்கது.

ஒன்றரை லிட்டர்ப் புட்டியில் 200 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் நீர், கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். மேற்பகுதி காலியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நுரை எழுந்து குழாயில் ஏறும். ஈஸ்டும் சாராயமும் தொட்டியில் கலந்தால் நீர் பால் போல் வெளுத்து, நுண்ணுயிர்கள் பெருகி, பிராணவாயு குறைந்துவிடும். இதனைத் தடுக்க, முதற் புட்டியிலிருந்து வரும் வாயுவைப் பாதியளவு நீருள்ள இரண்டாவது சிறு புட்டியின் வழியே செலுத்துதல் நலம். நுரை அங்கே தங்கிவிடும். குமிழிகளை எண்ணவும் அதுவே வசதி. புட்டி தொட்டிக்குக் கீழே இருந்தால், நொதித்தல் ஓய்ந்தபின் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கக்கூடும். இடையில் ஒருவழி வால்வு பொருத்துவது இதற்கு மாற்று. வாயுவை நீரில் கரைக்க நுண்துளைக் கல்லைவிடக் கவிழ்த்த சிறு கிண்ணமே மேலானது. நுண்துளைக் கல் நாளடைவில் பாசியால் அடைபடும். அடைபட்டால் முன்கூறிய ஆபத்து நேரும். கிண்ணத்தில் மிஞ்சிய வாயுவோ விளிம்பு வழியே வெளியேறிவிடும்.

இனி மீன்களின் நிலை. பகலில் செடிகள் கரியமில வாயுவை ஏற்றுப் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அவையும் மீன்களைப் போலவே சுவாசிக்கும். ஈஸ்டுக்கோ இரவு பகல் இல்லை. எனவே விடியுமுன் தொட்டியில் கரியமில வாயு உச்சத்திலும் பிராணவாயு தாழ்விலும் நிற்கும். நீரில் பிராணவாயு இருந்தும் மீன் தவிப்பதுண்டு. கரியமில வாயு மிகுந்தால் குருதியின் செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றும் திறன் குறைகிறது என்பதை டென்மார்க் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் போரும் அவருடைய துணைவர்களும் 1904-இல் விளக்கினர்.

கொச்சி போன்ற இடங்களில் இரு காரணங்களால் கவனம் மிகுதியாக வேண்டும். முதலாவது வெப்பம். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே. அதே வெப்பத்தில் ஈஸ்டும் விரைந்து வேலை செய்கிறது. இரண்டாவது, செம்புறைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. காரத்தன்மை லிட்டருக்கு 72 மில்லிகிராம் உள்ள நீரில் 30 மில்லிகிராம் கரியமில வாயு கரைந்தால் பி.எச். 6.6 ஆகும், காரத்தன்மை 18 மில்லிகிராமே உள்ள நீரில் அது 6.0 வரை தாழும். வேம்பநாட்டு ஏரியில் கிடைக்கும் சிப்பி ஓட்டினை நொறுக்கிக் கழுவி, ஒரு கைப்பிடியளவு வடிகட்டியில் இட்டால் காரத்தன்மை மெல்ல உயரும்.

கேரளத்தின் பெயரையே தாங்கிய ‘மிஸ் கேரளா’ மீன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் டே 1865-இல் முண்டக்கயத்திலிருந்து இதனை விவரித்து, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரைச் சூட்டினார். பிராணவாயு நிறைந்த மலையோடைகளில் வாழும் இம்மீன், அழிவின் விளிம்பை நெருங்கிய இனங்களுள் ஒன்று. செடி செழிக்க வேண்டி இதனைப் பலியிடுவது பொருத்தமன்று. இத்தகைய மீன் உள்ள தொட்டிக்கு 15 மில்லிகிராமே மேல் எல்லையாகக் கொள்ளலாம்.

அளவை அறிய ஓர் எளிய வழி உண்டு. காரத்தன்மை 72 மில்லிகிராம் உள்ள நீரில் புரோமோதைமால் நீலம் சில துளிகள் சேர்த்து, ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, இடையே காற்று நிற்குமாறு தொட்டிக்குள் கவிழ்த்துப் பொருத்துக. நீல நிறம் வாயுக் குறைவையும், பச்சை ஏறத்தாழ 30 மில்லிகிராமையும், மஞ்சள் மிகுதியையும் காட்டும். நிறம் மாற இரண்டொரு மணி நேரம் ஆகும் என்பதால் மீன்களின் நடத்தையை நேரில் காண்பதை இது ஈடு செய்யாது. மிஸ் கேரளா உள்ள தொட்டியில் பச்சையாகும் வரை காத்திராமல், நீலம் தெளியத் தொடங்கும்போதே வாயுவைக் குறைத்தல் வேண்டும்.

விளக்கணைந்ததும் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, காற்றூதியை விடியும் வரை இயக்குதல் நன்று. குழாயின் முனையைத் திறந்தே விட வேண்டும். கிள்ளியோ முடிச்சிட்டோ அடைத்தல் கூடாது. மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தால் வாயுவை நிறுத்தி, நீர்ப்பரப்பைக் கலக்கி, அதே வெப்பமுள்ள நீரால் மூன்றிலொரு பங்கை மாற்றுக. சமையல் சோடாவைக் கொட்டிப் பி.எச். உயர்த்த முயல்வது மீனுக்கு இரண்டாவது அதிர்ச்சியாகும்.

சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்க்கும் முறை விரைவானது. ஆனால் 100 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் சில நிமிடங்களிலேயே ஏறத்தாழ 30 லிட்டர் வாயு எழும். மூடிய புட்டியில் இவற்றைக் கலக்க மாணவர்களை அனுமதிக்கலாகாது.

செழித்து வளர்ந்த செடிகளை அவ்வப்போது நறுக்க நேரும். நறுக்கியவற்றைக் கால்வாயில் எறியாமல் வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக. கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020-இல் நீர்ப்பரப்பெங்கும் இளஞ்சிவப்பாய்ப் பூத்து மக்களைத் திரளாக ஈர்த்த கபோம்பா, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு தொட்டிச் செடியே.